மூன்று நிமிடப் பாட்டும் முப்பது டன் பிரஸ்ஸும்

டிஸ்கி: நான் காது மூக்கு தொண்டை டாக்டரும் இல்லை, ராக் இசை விமர்சகியும் இல்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. தப்பு இருந்தால் தாராளமாகத் திட்டலாம், ஆனால் மெதுவான குரலில் திட்டவும். காரணம் கீழே வருகிறது :-)

அத்திப்பள்ளியிலிருந்து எங்கள் கல்லூரிப் பேருந்தில் ஏறும் தோழி ஒருத்தி பீட்டில்ஸ் பைத்தியம். பெங்களூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ராக் கொஞ்சம் ரத்தத்திலேயே ஓடும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ஜூஜூவாடியில் வழக்கமான லாரி நெரிசல். புது ஹெட்போனை என் தலையில் மாட்டி, "வெளிச்சத்தமே கேக்காதுடி, கண்ண மூடிக்கோ, இந்த ஒரு பாட்டக் கேளு" என்றாள்.

'டுமாரோ நெவர் நோஸ்'. 1966 ஆகஸ்டில் வந்த 'ரிவால்வர்' இசைத்தட்டின் கடைசிப் பாட்டு. மொத்தமே மூன்று நிமிடத்துக்குள்தான். நான் தாங்கியது ஒன்றரை நிமிடம். ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தபோது என் கை வேர்த்திருந்தது. பின் சீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "இவளுக்கெல்லாம் குத்துப் பாட்டுதான் சரி." அநியாயம். எனக்குக் குத்துப் பாட்டும் தாங்காது!

என் காது சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் எனக்குக் கேட்கும், வீட்டில் வேறு யாருக்கும் கேட்காது. குக்கர் விசில் வரப்போகிறது என்றால் அடுப்படியை விட்டு ஓடிவிடுவேன். திருவிழா வேட்டுக்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு அழுவேனாம். அம்மா இதற்கு வைத்திருக்கும் பெயர் 'நாய்க் காது'.

சிரிப்பு கொஞ்சம் உறுத்திவிட்டது. பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இரண்டு நாள் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று புரிந்தது. அந்தப் பாட்டு சத்தமாக இருப்பதால் மட்டும் தலையைச் சுற்ற வைக்கவில்லை. காது எங்கெல்லாம் ஓய்வு எடுக்குமோ அந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்கள்.

முதலில் தம்புரா. ஆமாம், நம்ம தம்புராதான். ஜார்ஜ் ஹாரிசன் மீட்டியது. அதன் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூல் துண்டு செருகியிருப்பார்கள். அதனால்தான் தந்தி 'ங்' என்று மொட்டையாக நிற்காமல் தேனீக்கூடு மாதிரி மேல்சுரங்களை அள்ளிக் கொட்டுகிறது. கச்சேரியில் அது பாடகருக்குப் பின்னால் அடங்கி இருக்கும். இங்கே அதற்கு மேலே கிட்டத்தட்ட ஒரே ஒரு கார்ட் ஆதாரமாக நிற்க, மொத்தப் பாட்டும் அதன்மேல் ஓடுகிறது. நம் சினிமாப் பாட்டில் பல்லவி, இடையிசை, சரணம் என்று மாறும்போது காது ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளும். இதில் அந்த வாசல் இல்லை.

அடுத்து டிரம்ஸ். ரிங்கோ ஸ்டார் ஒரே அடவைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார். ஒலிப்பதிவு செய்த ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20, என் வயது! அவர் பாஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை வழக்கத்தைவிட மிக அருகில் கொண்டுபோய், வந்த ஒலியை லிமிட்டர் என்ற கருவியில் போட்டு நசுக்கினார். நசுக்குவது என்றால், பெரிய ஒலியை அமுக்கிச் சின்ன ஒலியைத் தூக்குவது. அடிக்கும் அடி, அடிக்குப் பின் வரும் அதிர்வு இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய அமைதி காணாமல் போகும்.

அதற்கு மேல் டேப் சுருள்கள். 1966 ஏப்ரல் 7 அன்று லண்டனில் அந்த ஸ்டூடியோவின் பல அறைகளில் இருந்த டேப் இயந்திரங்களில் ஐந்து சுருள்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நாடா தொய்ந்துவிடாமல் பென்சிலால் பிடித்துக்கொண்டு நின்றார்களாம் ஊழியர்கள். எமெரிக்கும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒவ்வொன்றின் ஒலியையும் கையால் ஏற்றி இறக்கிக் கலந்திருக்கிறார்கள். கடற்பறவை கத்துவது போல வருமே, அது பறவை இல்லை, வேகமாக ஓட்டப்பட்ட பால் மெக்கார்ட்னியின் சிரிப்பு. அது எப்போது வரும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முதல் தடவை கேட்பவருக்குத் தெரியாது. எதிர்பாராத திசையில் சத்தம் வந்தால் திரும்பிப் பார்ப்பது மூளையின் அனிச்சைச் செயல். ஹெட்போனில் இந்தப் பாட்டைக் கேட்கும் என் மாதிரி ஆள் மூன்று நிமிடமும் மனசுக்குள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

கடைசியாகக் குரல். மலை உச்சியிலிருந்து தலாய் லாமா பாடுவது மாதிரி என் குரல் கேட்க வேண்டும் என்று ஜான் லெனன் கேட்டாராம். எமெரிக் என்ன செய்தார் தெரியுமா? ஹேமண்ட் ஆர்கனுக்கு உள்ள சுழலும் ஸ்பீக்கர் வழியாகக் குரலை அனுப்பிவிட்டார். பாட்டின் பின்பாதியில் வருவது அந்தக் குரல்தான். மனுசக் குரல் என்பது எனக்கு எந்தக் கூச்சலிலும் பிடித்துக்கொள்ளும் கம்பி. நான் ஹெட்போனைக் கழற்றியது சரியாக அந்தக் கம்பியும் ஆட ஆரம்பித்த இடத்தில்!

இவ்வளவு படித்தபின் பாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது. 60 வருடத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் இல்லாமல்! ஞாயிற்றுக்கிழமை மதியம், சின்ன புளூடூத் ஸ்பீக்கரில், என் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து மறுபடி போட்டேன்.

பக்கத்து அறையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார்.

"அத நிறுத்து கண்ணு. தலைக்குள்ள பிரஸ் ஓடுற மாதிரி இருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் எங்கள் அப்பாவுக்குக் காது கேட்காது.

கேட்காது என்றால் முழுச் செவிடு இல்லை. சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம். முப்பது டன் பவர் பிரஸ். தகடு வைப்பது, மிதிப்பது, 'டம்', எடுப்பது, மறுபடி வைப்பது. ஆரம்ப காலத்தில் காதுக்குப் பஞ்சு. பின்னால் நுரை அடைப்பான் கொடுத்தார்களாம், ஆனால் அதைப் போட்டால் மெஷின் சத்தம் மாறுவது தெரியாது, கை போய்விடும் என்று பாதிப் பேர் போட மாட்டார்கள். கையா காதா என்றால் யாரும் கையைத்தான் காப்பாற்றுவார்கள்.

வீட்டில் இதனால் தினம் சண்டை. டிவி சத்தம் அவருக்கு 38 வேண்டும், எனக்கு 12. ஏதாவது சொன்னால் "என்ன? சத்தமாச் சொல்லு" என்பார். சத்தமாகச் சொன்னால், "ஏன் கத்துற? நான் என்ன செவிடா?" என்று கோபம் வரும். அம்மா பல வருடமாகச் சொல்வது: "வேணும்னே பண்றாரு. வேணுங்கறது மட்டும் கேக்கும்." உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் அவரைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்தோம். ஆடியோகிராமைப் பார்த்தேன். தாழ்ந்த அதிர்வெண்களில் கோடு ஓரளவு ஒழுங்காகப் போய், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதுக்கு இது கையெழுத்து மாதிரி. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த பக்கம், ச, ஷ, ஸ போன்றவை உயர்ந்த பக்கம். அதனால்தான் நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது மட்டும் கேட்பதில்லை.

அங்கே ஒரு வார்த்தை சொன்னார்கள்: 'ரெக்ரூட்மென்ட்'. எனக்கு முதலில் கேம்பஸ் இன்டர்வியூதான் ஞாபகம் வந்தது. ஆனால் விஷயம் வேறு. உள்காதில் புற மயிரணுக்கள் என்று உண்டு. மெல்லிய ஒலி வந்தால் அதைத் தூக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. பெரிய ஒலிக்கு அவற்றின் உதவி தேவையில்லை. பல வருட இரைச்சலில் முதலில் சாவது இவைதான். செத்தபின் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் பெரிய ஒலி நமக்குக் கேட்கும் அதே பருமனில் போய் இடிக்கும். நடுவில் இருக்க வேண்டிய படிக்கட்டு உடைந்துவிட்டது. "சத்தமாச் சொல்லு"க்கும் "ஏன் கத்துற"வுக்கும் நடுவில் அவருக்கு இருப்பது ஓர் அடி இடம். வீம்பு இல்லை அது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் அந்த ஆடியோகிராம் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பாட்டுக்குத் திரும்புகிறேன். எமெரிக் லிமிட்டரில் போட்டு எல்லா ஒலியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார் இல்லையா? அப்படிப்பட்ட பாட்டு, ஏற்கெனவே இடம் சுருங்கிப் போன காதுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? மெல்லியது என்று விலக்க அதில் ஒன்றுமே இல்லை. சின்ன ஸ்பீக்கரின் சத்தம்கூட அவருடைய அந்த ஓர் அடி இடத்தைத் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். என் காது வேறு காரணத்தால் திணறுகிறது, அவர் காது வேறு காரணத்தால். ஆனால் ஒரே வீட்டில் 38க்கும் 12க்கும் சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே கட்சி என்று கண்டுபிடிக்க பீட்டில்ஸ் வர வேண்டியிருந்தது.

'உணர்திறன் மிக்க கேட்பவர்' என்றால் நாசூக்கான, பூஞ்சையான, கவிதை எழுதுகிற ஒரு ஆளைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிரஸ் மிதித்த மனிதரை யாரும் நினைப்பதில்லை. இந்தக் கூட்டத்தில் பல வகை உண்டு. சாதாரண ஒலியே வலியாகத் தெரிகிற ஹைப்பர்அக்யூசிஸ். மெல்லும் சத்தம், பேனா கிளிக் மாதிரி குறிப்பிட்ட ஒலிகளில் கோபம் பொங்கும் மிஸோஃபோனியா (2001இல்தான் இதற்குப் பெயரே வந்தது). ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் புலன் உணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருக்கலாம் என்பது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013இல் ஏறியது. மைக்ரேன்காரர்களைக் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊர் மாதிரி லேத்தும் பிரஸ்ஸும் கிரைண்டிங்கும் ஓடும் ஊரில் அப்பா மாதிரி எத்தனை பேர் தெருவுக்குத் தெரு இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரைச்சலால் வரும் காது கேளாமை 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்த விஷயம்தான். அரசாங்கத்துக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக்குத் தெரியவில்லை.

தோழியிடம் எல்லாம் சொன்னேன். அவள் விடவில்லை. "அந்தப் பாட்டோட நோக்கமே ஆள அமுக்கறதுதான்டி. சவுண்ட கொறச்சுக் கேக்கறது காரம் இல்லாம பிரியாணி சாப்பிடற மாதிரி."

நல்ல வாதம்தான். ஒரு நாள் முழுக்க எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அந்தப் பாட்டின் மூலத்திலேயே பதில் கிடைத்தது. லெனனுக்கு இந்தப் பாட்டு வந்தது திமொதி லியரியும் இரண்டு சகாக்களும் 1964இல் வெளியிட்ட ஒரு புத்தகத்திலிருந்து. திபெத்திய மரண நூலை வைத்துப் போதை மருந்து அனுபவத்துக்கு எழுதப்பட்ட கையேடு அது. (மருந்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எனக்குக் காபியே படபடக்கும்.) ஆனால் அந்தக் கையேடு திரும்பத் திரும்பச் சொல்வது என்ன? உள்ளே போகும் ஆளின் மனநிலையையும், சுற்றியிருக்கும் இடத்தையும் முன்கூட்டியே தயார் செய், கூடவே ஒரு வழிகாட்டி இருக்கட்டும் என்பதுதான். லியரி கும்பலே அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறது! ஜூஜூவாடி நெரிசலில், எச்சரிக்கை இல்லாமல், அடுத்தவள் தலையில் மாட்டிவிடு என்று எங்கும் சொல்லவில்லை.

காரத்துக்கும் அதே பதில்தான். கார பிரியாணி எனக்கும் பிடிக்கும். கரண்டி என் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நம்மூரில் ஒலி முரட்டுத்தனமாக இருந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். சந்திரசூடேஸ்வரர் தேருக்கு நாதஸ்வரமும் தவிலும் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பீட்டில்ஸ் எல்லாம் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அது திறந்த வெளி. தாங்காதவர் பத்தடி தள்ளிப் போய் நிற்பார். தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறைகிறது. தள்ளிப் போனவரைப் பார்த்து "உனக்கு இசை தெரியாது" என்று எந்தத் தவில்காரரும் சொன்னதில்லை. ஹெட்போனிலும் மூடிய ஆடிட்டோரியத்திலும் அந்தப் பத்தடி இல்லை.

ஆடிட்டோரியம் என்றதும் கல்லூரி விழா ஞாபகம் வருகிறது. போன விழாவில் ஒரு ராக் குழு வந்தது. ஸ்பீக்கர் முன்னால் பசங்க ஆடிக்கொண்டிருந்த இடத்தில் போனில் அளந்தேன், 104 காட்டியது. போன் அளவை அப்படியே நம்ப முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லியிருக்கிறது. சத்தம் இல்லாத ஓர் ஓய்வுப் பகுதி வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ் இன்னும் கறார்: 8 மணி நேரத்துக்கு 85, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 100 என்றால் கால் மணி நேரம். எங்கள் விழா மூன்று மணி நேரம் நடந்தது. அப்பா இருபத்திரண்டு வருடம் சம்பளத்துக்குச் செய்ததை நாம் டிக்கெட் வாங்கிச் செய்கிறோம்.

இதற்காக ராக் வேண்டாம், விழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாசலில் ஒரு டப்பா நுரை அடைப்பான் வைத்தால் என்ன செலவு? கதவைத் திறந்து வைத்து வெளியே நாலு பெஞ்ச் போட்டால் யாருக்கு நஷ்டம்? பாதியில் எழுந்து போகிறவளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கக் காசே வேண்டாம்.

என் மாதிரி ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. எப்போதும் காதை அடைத்துக்கொண்டே இருப்பதும் தீர்வு இல்லை. அமைதியிலேயே வைத்தால் காது இன்னும் கூச்சப்பட ஆரம்பிக்கும் என்றும், தாங்கக்கூடிய மெல்லிய ஒலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்றும் பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். நான் இப்போது அந்தப் பாட்டை மோனோ வடிவத்தில் கேட்கிறேன். 1966இல் பெரும்பாலானோர் கேட்டது அதைத்தான். எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் முழுசாகக் கேட்டுவிடுகிறேன். பிடித்திருக்கிறது என்றே சொல்லலாம். பிங்க் ஃபிளாய்டின் 'டைம்' பாட்டில் திடீரென்று கடிகாரங்கள் அலறும் இடம் மட்டும் இன்னும் முடியவில்லை. கைக்கடிகாரம் செய்கிற ஊரில் பிறந்துவிட்டு இப்படி!

அப்பாவுக்கு இப்போது கருவி மாட்டியிருக்கிறது. மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அதிகம் தூக்காமல் விடும் வகை. எமெரிக்கின் லிமிட்டருக்குத் தூரத்துச் சொந்தம். டிவி 20க்கு வந்துவிட்டது. டியூப்லைட் சோக் ரீங்காரம் அவருக்குக் கேட்கிறதாம், "இத்தன நாளா நீ சொன்னது இதானா" என்று கேட்டார்.

போன வாரம் அவராகவே அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். தயங்கித் தயங்கிப் போட்டேன். தம்புரா எழும்பி வந்தது, தலையை ஆட்டினார். டிரம்ஸ் வந்தது, அதற்கும் ஆட்டினார். ஏழெட்டாவது நொடியில் பறவை கத்தியதும் கையைத் தூக்கினார், நிறுத்தினேன்.

"இது வரைக்கும் நல்லா இருக்கு. இன்னொரு வாட்டி போடு கண்ணு. அந்தக் குருவி வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடு."

நாலு தடவை போட்டோம்.